எல்லோருக்கும் சினைப்பையை எடுக்க வேண்டியதில்லை

"மார்பகப் புற்றுநோய் வந்தால் சினைப்பையையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டாயம் திரும்ப வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சகோதரிகளே, தயவுசெய்து இதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி இருக்கும். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று அவை சொல்லும். முதலில் அதைப் பாருங்கள். பாசிட்டிவ் என்றால்தான் ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பது சிகிச்சையாகும். அதிலும் மாதவிடாய் நிற்காதவர்களுக்குத்தான் சினைப்பை பற்றிய பேச்சே வரும்; அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை முக்கியமாகச் சுரப்பது அதுதான். நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் உருவாகிறது, அதற்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உண்டு.

மாதவிடாய் நிற்காதவர்களிலும் பலருக்கு, புற்றுச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை மட்டுமே போதும். சினைப்பையை அடக்கியே ஆக வேண்டுமென்றால் 28 நாளுக்கு ஒருமுறை போடும் கோசெரெலின் ஊசி இருக்கிறது. நிறுத்தினால் பலருக்குச் சினைப்பை மறுபடி வேலை செய்யும். எடுத்துவிட்டால் அந்த வழி இல்லை.

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருந்தால் அது வேறு கணக்கு. அங்கே எடுக்கச் சொல்வது முக்கியமாகச் சினைப்பைப் புற்றுநோய் வராமல் தடுக்க. பி.ஆர்.சி.ஏ.1 என்றால் பொதுவாக 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்த பிறகு.

என் அக்கா 41 வயதில் எடுத்துக்கொண்டார். மாதாமாதம் தாம்பரத்திலிருந்து அடையாறுக்கு ஊசிக்கு அலைய முடியவில்லை. அவருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அப்புறம் மார்கழி இரவிலும் ஃபேன் ஐந்தில் ஓடும், வியர்வையில் நனைந்த நைட்டியை இரண்டு முறை மாற்றுவார். எலும்பு தேயும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் முன்பே யாரும் சொல்லவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.