‘பண்ணாடி’ வெறும் மரியாதைச் சொல்லா?
அண்ணா, ‘பண்ணாடின்னா எங்க கொங்கு நாட்டுல விவசாயிக்கு மரியாதைப் பேரு, அவ்வளவுதான்’னு எழுதியிருக்கீங்க. இது சரியில்லைங்க. விவசாயிக்கு விவசாயி ‘பண்ணாடி’ன்னு கூப்பிட்டு நீங்க கேட்டிருக்கீங்களா? மாமா, மச்சான், பங்காளிதான். தோட்டத்துல வேலை செய்யிற பண்ணயத்தாள்தான் தோட்டத்துக்காரரை ‘பண்ணாடி, பண்ணாடி’ங்கணும். கீழே நின்னு மேலே பார்த்துச் சொல்ல வெச்ச சொல் அது. பண்ணயத்தாளா இருந்த அருந்ததியர் வீட்டுப் பெரியவங்க வாயில அதைக் கேட்டவங்களுக்கு இது புரியும்.

அதே சமயம், இன்னொருத்தர் எழுதின மாதிரி ‘அடிமைக்குச் சொந்தக்காரன்’னு நேரடியாப் பொருள் சொல்றதும் தப்பு. அதுக்கு நம்ம மொழியில ‘ஆண்டான்’னு தனிச் சொல் இருக்கு. பண்ணயத்தாளைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் முன்பணக் கடன். ஆளை உடைமையா வெச்சுக்கிற உரிமையை நீதிமன்றம் ஏத்துக்காதுன்னு 1843லயே சட்டம் வந்துருச்சு. கடனுக்காக ஆளைக் கட்டிவைக்கிற கொத்தடிமை முறையை ஒழிக்கிற சட்டம் வர 1976 ஆச்சுங்க. நடுவுல இருக்கிற அந்த 133 வருசத்தை ‘மரியாதை’ங்கிற ஒத்தை வார்த்தையில மூடாதீங்க அண்ணா.