கழற்றி வைத்தவரிடம் கேளுங்கள்

பாரம் தூக்குகிறவர்களின் முதுகுக்குத் துணையாக, உடம்பின் மேல் கட்டிக்கொள்ளும் எக்ஸோஸ்கெலட்டன் என்ற கருவியை வாங்கிக் கொடுக்கிற இடங்களில் கொஞ்ச நாளிலேயே ஒரு புலம்பல் கிளம்பும்: "இவ்வளவு செலவு பண்ணியும் போட மாட்டேங்கிறாங்க." தொழிலாளிக்குப் புதுசு பிடிக்காது, பழகினால் சரியாகிவிடும் என்று அதற்கு விளக்கமும் தயாராக இருக்கும். எனக்கு இந்தப் பேச்சு எரிச்சலைத்தான் தருகிறது.

மோட்டார் இல்லாத வகையைப் பாருங்கள். குனியும்போது ஸ்பிரிங்கோ எலாஸ்டிக்கோ இழுபடும், நிமிரும்போது அந்த விசை முதுகுக்குக் கைகொடுக்கும். அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுத் தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் முதுகு தாங்காத பாரத்தை வேறு ஏதாவது தாங்கித்தானே ஆக வேண்டும்? நெஞ்சில் அழுத்தும், தொடையில் அழுத்தும். நெஞ்சுப் பலகை வைத்த மாதிரிகள் பெண்களுக்கு இன்னும் தொந்தரவு. கருவியின் மூட்டு இடுப்பு மூட்டோடு சரியாகப் பொருந்தாவிட்டால் குனிகிற ஒவ்வொரு முறையும் பட்டை மேலே ஏறித் தோலை உரசும்.

சோதனைக் கூடத்தில் பெட்டியைத் தூக்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடும். கிடங்கில் அப்படியா? தூக்கியவர் நடக்க வேண்டும். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தொடைப் பட்டை எதிர்த்துத் தள்ளும். அதற்கென்று சில கருவிகளில் விசையைத் துண்டிக்கும் வசதி உண்டு, ஆனால் இரண்டு கையிலும் பெட்டி இருக்கும்போது அதை யார் போய்த் தட்டுவது? ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தால் முதுகில் இடிக்கும். கழிப்பறைக்குப் போக மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும். இதையெல்லாம் விடுங்கள், முந்தைய ஷிஃப்ட்காரரின் வியர்வை காயாத பட்டையை எடுத்துக் கட்டிக்கொள்ள எந்த மேலாளர் முன்வருவார்?

இடுப்பு பெல்ட் கதை பலருக்கு மறந்துபோயிருக்கும். முதுகைக் காக்கும் என்று சொல்லி அமெரிக்காவில் பாரம் தூக்குகிறவர்களுக்கு அதைக் கூட்டம் கூட்டமாகக் கட்டிவிட்டார்கள். அந்நாட்டின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியோஷ் 1994லேயே, காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2000இல் சில்லறைக் கடை ஊழியர்களிடம் நடத்திய பெரிய ஆய்விலும் முதுகு வலியோ காயமோ குறைந்ததாகத் தெரியவில்லை. எக்ஸோஸ்கெலட்டன் வேறு கருவிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கேயும் தசையின் உழைப்பு குறைவது ஒன்று, வருடக் கணக்கில் காயம் குறைவது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கக் கூடாது.

அதைவிடப் பெரிய பயம் டார்கெட். "இப்போ சுலபமா இருக்கே, இன்னும் நூறு பெட்டி சேர்த்து எடு" என்று சொல்ல மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பெட்டியின் எடையைக் குறைக்கலாம், பெட்டிகளை அடுக்கும் பேலட் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றித் தரும் மேசை வைக்கலாம். அதெல்லாம் முடியாத இடத்துக்குத்தான் இந்தக் கருவி. அங்கேயும் போடுவதா வேண்டாமா என்பதைப் போடுகிறவர் முடிவு செய்யட்டும், எடுக்க வேண்டிய பெட்டிக் கணக்கை உயர்த்த மாட்டோம் என்பதை நிர்வாகம் எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.