கட்டடத்துக்குக் காசு வரும், சம்பளத்துக்கு?
மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான அமைப்புகள் ஒழுங்காகத் திட்டம் எழுதிக் கொடுத்தால் நிதி தானாக வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வரும், கட்டடத்துக்கும் சாமானுக்கும். 2011இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் காசு சேர்த்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் என் அக்காவின் மகனுக்குப் பெருமூளை வாதம். அவன் போன நிலையத்துக்கு ஒரு வருட நிதி கிடைத்தது. சக்கர நாற்காலிகள் வந்தன (எல்லாம் பெரியவர்களின் அளவு, அது வேறு கதை), பதாகையோடு படமும் எடுத்தார்கள். அவனுக்கு வேண்டியது கிழமைக்கு இரண்டு தரம் பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சை). வருடம் முடிய அதைக் கொடுத்தவருக்குச் சம்பளம் இல்லை, பயிற்சியும் நின்றது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்புவார்கள்தானே என்கிறார். சரி, அனுப்புகிறார்கள், பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு! அதை மாதச் சம்பளமாகத் தரலாமா என்று கேட்டோம். "அதில் பெயர் போட இடமில்லையே" என்றார் அப்படி அனுப்பும் ஒருவர்.