ரசம் போனால் போகட்டும்

முகம் பார்க்கும் பழைய கண்ணாடியில் கரும்புள்ளி இருந்தால், பின்பக்கத்துப் பூச்சான ரசத்தைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பூசச் சொல்லி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் வாங்கிய தேக்குச் சட்டக் கண்ணாடியில் கீழ் ஓரம் முழுக்கப் புள்ளிதான், அதற்காகவே வாங்கினேன். 1835-ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடிக்கும் வரை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது வெள்ளீயமும் பாதரசமும். அவ்வளவு பழசு கையில் சிக்கி அதைப் போய்ச் சுரண்டினால் பாதரசம்தான் வீட்டுக்குள் வரும்.

அப்புறம் அந்தத் தெருவில் எதைக் கேட்டாலும் 'பெல்ஜியம் சார்' என்பார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு பெல்ஜியம் கண்ணாடி வந்தது நிஜம், அதற்காகக் கடையில் இருப்பதெல்லாம் அதுவாகிவிடுமா? கண்ணாடி ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், பழைய கைவேலை லேசாகத்தான் தட்டுப்படும், மெஷின் வெட்டு சுருக்கென்று தெரியும். திருப்பிப் பார்க்கவும் கூச்சப்படாதீர்கள், பின்பலகை கறுத்து, ஆணித் துளையெல்லாம் பழசாக இருக்கவேண்டும், பளிச்சென்று புது பிளைவுட் அடித்திருந்தால் விலையைப் பாதியிலிருந்து பேசலாம்.

துடைக்கும்போது தண்ணீரையோ கிளீனரையோ நேராக அடிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். நான் அவசரத்தில் நேராக அடித்து, ஈரம் சட்டத்துக்குள் இறங்கி, இப்போது வலது பக்கம் விரல் நீளத்துக்குப் புதுக் கறுப்பு. இது மட்டும் பழசு இல்லை, என் கைவரிசை.