நானூறு பேர் கைதட்டினால் எவன்தான் மயங்கமாட்டான்?

வெறுப்பில் ஊறிப்போன ஒருவனைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வருவது 'முட்டாள்'. அடுத்து 'மூளைச்சலவை'. இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்கிற வேலை மிச்சம். எனக்கு இந்த இரண்டின் மீதும் நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. அதற்கு முக்கியக் காரணம் சி.பி. எல்லிஸ் என்ற மனிதர். அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், டர்ஹம் என்கிற புகையிலை ஊரில், கறுப்பர்களை வெறுக்கிற வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் உள்ளூர்த் தலைவராக இருந்தவர்.

எல்லிஸ் பிறந்தது 1927இல். அப்பா நெசவாலைத் தொழிலாளி, ஐம்பது வயதைப் பார்க்காமலே செத்துப்போனார். பையனின் படிப்பு எட்டாவதோடு சரி. பிறகு கல்யாணம், நான்கு பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, மனவளர்ச்சியும் இல்லை. கடனை உடனை வாங்கி ஒரு பெட்ரோல் பங்க் எடுத்தார். வாரத்தில் ஏழு நாளும் வேலை. கடைசித் தவணை கட்டி முடிக்கப்போகிற நேரத்தில் மாரடைப்பு.

உழைத்தால், சட்டத்தை மதித்தால், சர்ச்சுக்கு ஒழுங்காகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அவரும் அப்படியேதான் இருந்தார். ஒன்றும் சரியாகவில்லை. யார்மேல் கோபப்படுவது? நாட்டை வெறுக்கலாம்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாதே, வெறுப்பதற்குக் கண்ணெதிரே ஏதாவது வேண்டுமே என்று பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். அப்பா ஏற்கெனவே க்ளான் உறுப்பினர். அதனால் யாரை வெறுப்பது என்று தேடி அலைய வேண்டிய வேலையும் இல்லை. கறுப்பர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள்.

பங்க்கில் கோக் குடித்துக்கொண்டு அரட்டையடிக்க வரும் சிலர் ஒருநாள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். கொஞ்ச நாளில் உறுப்பினர் ஆகிற சடங்கு. வெள்ளை அங்கி போட்டவர்கள் வரிசையாக நிற்க, நடுவே அழைத்துப் போய் மண்டியிட வைத்து உறுதிமொழி. முடிந்ததும் அரங்கத்தில் கைதட்டல். குறைந்தது நானூறு பேராவது இருந்திருப்பார்கள், இந்தச் சாதாரண ஆளுக்காக, என்று அந்தப் பேட்டியில் நினைவுகூர்கிறார். வாழ்க்கை முழுக்க ஒன்றுமில்லாதவனாக இருந்தவனுக்கு, தான் ஏதோ ஒன்றாகிவிட்ட நிமிஷம் அது.

அந்த ராத்திரி அவருக்கு யாரும் இனவாதத்துக்குத் தத்துவ விளக்கம் கொடுக்கவில்லை. ஒரு இடம் கொடுத்தார்கள், தோளில் தட்டினார்கள், அப்புறம் பதவி கொடுத்தார்கள். நாம் 'கொள்கை' என்று நினைத்துக் குத்திக் கிழிக்கப் பார்ப்பதற்கு அடியில் பெரும்பாலும் இருப்பது இதுதான் என்பது என் கட்சி.

இதைச் சொன்னால் 'அப்ப பாவம், ஏழை, விட்டுருவோமா?' என்று கேட்பீர்கள். பாவம் ஒன்றும் இல்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி ரேடியோவில் வந்ததும் இதே எல்லிஸ் போன்போட்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தன் பங்க்கிலேயே பார்ட்டி வைத்தார். நகரமன்றக் கூட்டத்துக்குத் துப்பாக்கியோடு போனவர். அதே டர்ஹமில் அதே அளவு வறுமையில் எத்தனையோ வெள்ளைக்காரர்கள் க்ளானில் சேராமலும் இருந்தார்கள். வறுமை அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே போனது அவர்தான்.

ஆனால் அவரைவிட எனக்கு ஆத்திரம் வருவது வேறு சிலர்மேல். கறுப்பர்கள் மன்றத்துக்கு மனு கொடுக்க வருகிறார்கள் என்றால் நகரமன்ற உறுப்பினர்கள் ராத்திரி போன்போடுவார்கள், 'உங்க ஆளுங்களோட வந்துருங்க' என்று. இவரும் கூட்டிக்கொண்டு போய்க் கத்திவிட்டு வருவார். பகலில் கடைத்தெருவில் அதே உறுப்பினர்களில் ஒருவர் எதிரே வந்தார். எல்லிஸைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். கை கொடுக்கிற இடத்தில்கூட நிற்க வைக்கமாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. கறுப்பர்களும் நம்மைப் போன்ற ஏழை வெள்ளையர்களும் அடித்துக்கொண்டால் லாபம் யாருக்கு என்று க்ளான் கூட்டத்தில் எழுந்து சொல்லியும் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் விரிசல் அங்கே விழுந்தது. அதை எந்தக் கறுப்பினத் தலைவரும் போடவில்லை, எந்தப் புத்தகமும் போடவில்லை. தன் பக்கத்து ஆள் தன்னை நடத்திய விதம் போட்டது.

1971இல் டர்ஹம் பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டிய நெருக்கடி. நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது, ஊர் கொதிக்கிறது. எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பத்து நாள் தொடர் கூட்டம் நடத்தினார்கள். அதற்கு இரண்டு இணைத் தலைவர்கள். ஒருவர் எல்லிஸ். இன்னொருவர் ஆன் அட்வாட்டர். வீட்டு வேலை செய்து பிழைத்து, வாடகைக் குடியிருப்புகளின் அநியாயத்துக்கு எதிராகத் தெருவில் நின்ற கறுப்பினப் பெண்மணி. வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். முன்பு ஒரு கூட்டத்தில் எல்லிஸின் பேச்சைத் தாங்காமல் பையிலிருந்து கத்தியை எடுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தது.

இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில். முதல் நாட்களில் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒருநாள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசும்படி ஆனது. எல்லிஸின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் டீச்சரே கேலி செய்திருக்கிறார். அட்வாட்டரின் பிள்ளைக்கும், 'உங்கம்மா அந்த க்ளான்காரனோட உட்கார்ந்திருக்கா' என்று ஏச்சு. இரண்டு வீட்டிலும் ஒரே கதை. இரண்டு பேரும் அழுதார்கள். பத்தாவது நாள் மைக் முன்னால் நின்று எல்லிஸ் தன் க்ளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்தார்.

இந்தக் கதையை நெகிழ்ச்சியாக இங்கேயே முடித்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கொலை மிரட்டல் வந்தது. கூடக் குடித்த, கூடச் சிரித்த ஒரு வெள்ளைக்காரனும் பக்கத்தில் வரவில்லை. கறுப்பர்களும் மறுநாளே மாலை போட்டு வரவேற்றுவிடவில்லை, அவர்கள் ஏன் செய்ய வேண்டும்? கைதட்டிய நானூறு பேரும் போய்விட்டார்கள், இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார்.

அவரைக் கடைசியில் தாங்கிப் பிடித்தது தொழிற்சங்கம். டியூக் பல்கலைக்கழகத்தில் பராமரிப்பு ஊழியராக இருந்தவர், பெரும்பான்மை கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்த சங்கத்தில் போட்டியிட்டு அவர்கள் ஓட்டிலேயே பொறுப்புக்கு வந்தார். நாற்பது கறுப்பினப் பெண் தொழிலாளர்களுக்கு மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைச் சம்பளத்தோடு விடுமுறையாக வாங்கிக் கொடுத்ததுதான் தன் வாழ்க்கையில் பெருமையான காரியங்களில் ஒன்று என்பார். 2005இல் அவர் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியது ஆன் அட்வாட்டர்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சித்தப்பா. ரிட்டயர் ஆனதிலிருந்து விடிகாலையிலேயே ஒரு மதத்தாரைப் பற்றி ஏதாவது ஃபார்வர்டு வந்து விழும். எங்கள் குழுவில் ஒருவரும் மூச்சுவிடமாட்டோம். ஒருமுறை ஏதோ பாஸ்வேர்டு மாற்றித் தரச்சொல்லி போனைக் கையில் கொடுத்தார். அதே ஃபார்வர்டு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள் குழுவில் கிடக்கிறது. கீழே கும்பிடு, கட்டைவிரல், 'சூப்பர் சார்', 'கரெக்டா சொன்னீங்க சார்'. ஆபீஸில் இருந்தவரைக்கும் 'சார்' என்று கூப்பிட ஆள் இருந்தது. வீட்டில் 'போய் மோட்டாரை ஆஃப் பண்ணுங்க' என்கிறார்கள். அந்தச் செய்தி பொய் என்று நான் லிங்க் அனுப்பினால், அவருக்கு நான் பொய்யை மட்டுமா பிடுங்குகிறேன்?

உண்மையைச் சொல்வது வீண் என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடாதீர்கள். தகவலைத் திருத்தினால் ஆள் இன்னும் முறுக்கிக்கொள்வான் என்று 2010 வாக்கில் ஒரு ஆய்வு வந்து ரொம்பப் பிரபலமாயிற்று. பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி முறுக்கிக்கொள்வது அநேகமாக நடக்கவே இல்லை. திருத்தினால் மக்கள் தகவலைத் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் டிரம்ப் சொன்னது தவறு என்று அவர் ஆதரவாளர்களுக்குக் காட்டிய ஆய்வில், 'ஆமாம், அது தவறு' என்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்மேல் வைத்த அபிமானத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார்கள். தகவல் மாறுகிறது, பக்கம் மாறுவதில்லை. சித்தப்பாவும் அப்படித்தான். 'சரி, இது பொய்யா இருக்கலாம், ஆனா...' அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் மொத்த ஊரும் உட்கார்ந்திருக்கிறது.

வாதம் எப்போது வேலை செய்கிறது என்பதற்கு டெரெக் பிளாக் நல்ல உதாரணம். அப்பா டான் பிளாக், முன்னாள் க்ளான் தலைவர், வெள்ளை இனவாதிகளின் மிகப் பெரிய இணையதளமான ஸ்டார்ம்ஃபிரண்டை 1995இல் தொடங்கியவர். ஞானத்தந்தை டேவிட் டியூக், அவரும் முன்னாள் க்ளான் தலைவர். டெரெக்கோ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அந்தத் தளத்தில் குழந்தைகளுக்கான பக்கத்தை உருவாக்கி, வளர்ந்ததும் அப்பாவோடு ரேடியோவில் பேசி, வாரிசாகத் தயாரானவர். 2010இல் ஃப்ளோரிடாவின் நியூ காலேஜில் சேர்கிறார். அடுத்த வருஷமே அவர் யார் என்பது மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலோர் ஒதுக்கிவைத்தார்கள். மேத்யூ ஸ்டீவன்சன் என்ற யூத மாணவர் மட்டும், தன் அறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் சபாத் (யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள்) விருந்துக்குக் கூப்பிட்டார். டெரெக் ஒரு ஒயின் பாட்டிலோடு வந்தார். டெரெக்கின் இனவாதத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது என்று மேத்யூ மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். வழக்கமாக வருகிற சிலர் வரவே மறுத்துவிட்டார்கள்.

வாரம் தவறாமல் சாப்பாடு, இப்படியே இரண்டு வருஷம். ஆள் பழகிய பிறகுதான் அலிசன் என்ற தோழி உட்கார்ந்து புள்ளிவிவரம், ஆய்வுக் கட்டுரை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அப்போது அதே வாதங்கள் உள்ளே இறங்கின. 2013இல் டெரெக் பகிரங்கக் கடிதம் எழுதி விலகினார். செய்தியைப் பார்த்த அப்பா போன்போட்டு, 'உன் கணக்கை எவனோ ஹேக் பண்ணிட்டான்' என்றார். இல்லை, நான்தான் எழுதினேன் என்றதும் போனை வைத்துவிட்டார்.

ஆனால் ஒதுக்கிவைத்த மாணவர்களும் தன் மாற்றத்தில் பங்கு வகித்தார்கள் என்று டெரெக் சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்துப் பேசியிருந்தால், தான் பேசுவது யாரையாவது காயப்படுத்துகிறது என்பதே தெரிந்திருக்காது. 'அன்பால் எல்லாம் மாறும்' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அட்வாட்டரும் பள்ளி விஷயத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எல்லிஸ்தான் இறங்கிவந்தார்.

விலகுவதற்கான விலையையும் நாம் பேசுவதில்லை. மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் என்ற பெண், ஐந்து வயதிலிருந்து, ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு எதிரான வெறுப்புப் பதாகையோடு தெருவில் நின்றவர். ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்குகளிலும் போய் நின்று 'செத்ததுக்குக் கடவுளுக்கு நன்றி' என்று காட்டுகிற வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் அவருடைய தாத்தா நிறுவியது. ட்விட்டரில் ஒரு யூதர் பொறுமையாகப் பேசப்பேச, தங்கள் பதாகையில் ஒன்று ஏசுவின் வார்த்தைக்கே எதிராக இருப்பது தெரிந்தது. 2012இல் தங்கையோடு வெளியேறினார். அம்மா, அப்பா, சர்ச்சிலேயே இருந்துவிட்ட கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். 'உண்மை தெரிந்த பிறகும் ஏன் வெளியே வரவில்லை' என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். சாதி மாறிக் கல்யாணம் செய்து வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் இருக்கிற நம் நண்பர்களைக் கேட்டால் தெரியும், அந்த இழப்பு எவ்வளவு என்று.

எல்லாரும் மாறுவார்கள் என்று நான் சொல்லவில்லை. டான் பிளாக் மகவின் கடிதத்தைப் படித்தும் ஸ்டார்ம்ஃபிரண்டை மூடிவிடவில்லை. கூட்டத்தால் பிழைப்பவர்களுக்கு மாற வேண்டிய அவசியமும் கிடையாது. டர்ஹமில் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போன உறுப்பினருக்கு எதிலும் தீவிர நம்பிக்கை இருந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

'அப்ப அடிபட்டவன்தான் விருந்து வைக்கணுமா?' என்ற கேள்வி கமெண்டில் வரும், வரணும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய் 'நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க' என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது. மேத்யூ தானாகக் கூப்பிட்டார், அட்வாட்டர் தானாக உட்கார்ந்தார். அதைக் கடமையாக யார் தலையிலும் கட்ட முடியாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பிள்ளைகள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. சரியான பரிந்துரை. ஆனால் பதினாறு வயதுப் பையனுக்கு அந்தக் கயிற்றோடு சேர்ந்து கிடைப்பது என்ன? ஃப்ளெக்ஸில் போட்டோ, பைக்கில் பின்னால் உட்கார இடம், 'நம்ம பையன்டா' என்று தோளில் விழுகிற பெரிய ஆள் கை. கயிற்றை வாத்தியார் அறுத்துவிடலாம். அந்தக் கை எங்கேயிருந்து வருகிறது என்பது அதே தெருவில், அதே சாதியில் பிறந்து, வெளியூரில் வேலைபார்த்துக்கொண்டு, 'எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை' என்று முகநூலில் மட்டும் எழுதுகிற நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். அது நம் மாமா, நம் பெரியப்பா பையன். வெட்டுப்பட்டவன் வீட்டிலிருந்து யாரும் அவர்களிடம் வந்து பேச முடியாது, நாம் பேசலாம். கோயில் கொடைக்கு வரி வாங்க வருவார்களே, அப்போதே பேச்சை எடுக்கலாம். பையன்கள் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிப்பதாக இருந்தால் என் வரி இல்லை என்று சொல்லலாம். சண்டை வரும். ஊர்ப்பக்கம் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இருக்காது.