மெக்சிகோ டைம்ஷேர்: கையெழுத்துப் போட்டால் மீள முடியாதா?

"மெக்சிகோவில் டைம்ஷேர் (விடுதி அறையை ஆண்டுதோறும் சில நாட்கள் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்குவது) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் பணம் போனதுதான், வெளிநாட்டவருக்குச் சட்டம் துணை இல்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

மெக்சிகோவின் கடற்கரைச் சுற்றுலா நகரமான புவேர்ட்டோ வல்லார்ட்டாவில், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விற்பனையாளர்கள் மறிப்பார்கள். இலவச டாக்ஸி, காலை உணவு தருகிறோம், எங்கள் விற்பனைக் கூட்டத்துக்கு வந்தால் போதும், 'தொண்ணூறே நிமிடம்' என்பார்கள். அது பல மணி நேரம் இழுக்கும். அந்த நெருக்கடி உண்மைதான்.

ஆனால் மெக்சிகோ நுகர்வோர் சட்டப்படி, கையெழுத்திட்ட 5 வேலை நாட்களுக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். 'ரத்து உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. போனில் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். மறுத்தால் 'ப்ரோஃபெக்கோ' என்ற நுகர்வோர் அமைப்பில் புகார் செய்யலாம். அந்த 5 வேலை நாட்கள் தாண்டினால்தான் சிக்கல்.