நம் தோட்டக் கதையையும் தொடராக எடுங்கள்

ஓடிடி வந்தபின் தமிழ்த் தொடர்களின் தரம் கூடிவிட்டது என்கிறார் கட்டுரையாளர். முதல் இரண்டு எபிசோட் வரை நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் கொலைகாரன் யாரென்று சொல்லாமல் எட்டு எபிசோட் இழுக்கிறார்கள். நடுவில் காது கூசும் வசவு வேறு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த) அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கவே முடியவில்லை. அவருக்குத் தமிழ்க் குரலில் வரும் கொரியத் தொடர்தான் பிடிக்கிறது. வாயசைவு ஒட்டாது, ஆனாலும் மாமியார் மருமகளைத் திட்டினால் கண் கலங்கிவிடுவார்.

என் ஆதங்கம் வேறு. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களைக் காட்டிய ‘ஜகாட்’ திரைப்படம் 2015-இல் வந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் வாங்கியது. அந்த மாதிரி ஒரு நீண்ட தொடரை, பால் வடியும் கிண்ணமான மங்கும், வாளியும், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும் தெரிந்தவர்களை வைத்து எடுக்கலாமே! அதற்காகவே மாதச் சந்தா கட்ட நாங்கள் தயார்.